இந்தியாவில் தெரியாது

நாள்காட்டித் தாளைக் கிழிப்பது அந்த வீட்டில் ஆறுமுகநயினாரின் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் மிச்சமிருக்கிற ஒரே உத்தியோகம் அதுதான் என்பாள் அவர் மனைவி மங்கையர்க்கரசி. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க அவர் விடிவதற்குள் குறுக்குத்துறைக்குக் கிளம்பிப் போய்விட்டதால் அன்றைக்கு அந்தப் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. கிழித்தாள். கண்ணாடியைத் தேடினாள். அது நெற்றிக்கு மேலேயே இருந்தது. இறக்கிப் போட்டுக்கொண்டு, கொட்டை எழுத்தில் இருந்த தேதியையும் ராகுகாலத்தையும் தாண்டி, அடியில் பொடி எழுத்தில் கிடந்த வரியைப் படித்தாள். சூரிய கிரகணம், மணி காலை 8.10 முதல் 10.50 வரை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பகுதிகளில் தெரியும், இந்தியாவில் தெரியாது. மூன்று மாதமாக அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். சித்திரையில் பஞ்சாங்கம் வாங்கிய அன்றைக்கே பார்த்து, ஒருவரிடமும் மூச்சு விடாமல் மனசுக்குள் முடிந்து வைத்திருந்தாள். மணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்ன இப்போது என்று விட்டிருந்தாள். அந்த மணிதான் இப்போது குறுக்கே வந்து நின்றது. காலை எட்டு பத்து, சரி, ஆனால் யாருடைய காலை? பாளையங்கோட்டைக் காலையா, சிட்னிக் காலையா? பாளையங்கோட்டைக் காலை என்றால் இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. சிட்னிக் காலை என்றால், என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுபோனாள், ஏனென்றால் சிட்னிக் காலை பாளையங்கோட்டைக்கு எப்போது வருகிறது, வந்துவிட்டுப் போய்விட்டதா, இனிமேல்தான் வரப்போகிறதா என்பது அவளுக்கு ஒருநாளும் நேராக விளங்கியதில்லை. வெண்டைக்காய் என்றால் ஒடித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம், முற்றலா பிஞ்சா என்று. நேரத்தை எங்கே ஒடிப்பது.

சிட்னியில் இருப்பது ஜெசிந்தா, மகன் கதிரேசனின் மனைவி. தூத்துக்குடிப் பெண், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண், இப்போது ஏழு மாதம். கல்யாணத்துக்கு மங்கையர்க்கரசி போனாள், ஆனால் முகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். அது நடந்து ஆறு வருஷமாகியும் மாமியாரும் மருமகளும் போனில் பேசுவது அப்படியே இருந்தது, நல்லா இருக்கியாம்மா, நல்லா இருக்கேன் அத்தை, சாப்பிட்டியா, சாப்பிட்டேன் அத்தை, சரி வைக்கேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இவளும் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவளை இன்றைக்குக் கிரகணம் பிடித்ததிலிருந்து விடுகிறவரை போனில் பிடித்து வைத்து, வெளியே காலெடுத்து வைக்க விடாமல், கத்தியைத் தொட விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் மங்கையர்க்கரசியின் மூன்று மாதத் திட்டம். கிரகணம் என்ற சொல் மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது. அது கதிரேசன் போட்ட உத்தரவு. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனபோது, அழுது முடித்துவிட்டுப் போனில் அவனிடம் இவள், ஏல, அன்னைக்குக் கிரகணம், என்றுதான் ஆரம்பித்தாள். அதற்குள் அவன், "அம்மா, இந்தப் பேச்சு இன்னொரு தரம் வந்துச்சுன்னா நான் போனையே எடுக்க மாட்டேன்" என்று வெட்டிவிட்டான். பக்கத்தில் ஜெசிந்தா இருந்தாளோ, கேட்டாளோ, தெரியாது. அதற்குப் பிறகு வந்த நல்லா இருக்கேன் அத்தையில் ஏதாவது மாறியிருந்ததா என்று மங்கையர்க்கரசி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்திருக்கிறாள். மாறியதுபோலவும் இருந்தது, மாறாததுபோலவும் இருந்தது. இந்தத் தடவை பேறுகாலத்துக்கு இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள், விசா வந்துவிட்டது. இப்போது போய் வாயைக் கொடுத்தால் அந்தப் பயணமும் போச்சு, பேரப்பிள்ளையும் போனுக்குள்ளேயே வளரும். வாயைக் கொடுக்காமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால், என்று அந்தப் பக்கம் போகிற நினைப்பை அவள் சூடான பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி விட்டாள்.

நமக்கும் சிட்னிக்கும் நாலரை மணி நேரம், அது கதிரேசன் சொன்னது. அவங்க நமக்கு முந்தி என்றும் சொன்னான். அந்த இடத்தில்தான் அவளுக்கு எப்போதும் வண்டி நின்றுவிடும். முந்தி என்றால் அவர்களுக்கு முதலில் விடிந்துவிடும், சரி. முதலில் விடிந்தால் அவர்கள் கடிகாரம் நம் கடிகாரத்தைவிடக் கூடக் காட்டும், அதுவும் சரி. அப்படியானால் அங்கே எட்டு மணி ஆகிறபோது இங்கே எட்டாகவில்லை, மூன்றரை. இங்கே எட்டாகிறபோது அங்கே எட்டு போய்ப் பன்னிரண்டரை. இரண்டையும் தனித்தனியாக யோசித்தால் சரியாக வந்தது. சேர்த்து யோசித்தால் ஒன்று இன்னொன்றை விழுங்கிவிட்டது. கூடத்தில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் தொங்கியது, சிட்னி நேரம் பார்க்க என்று கதிரேசன் பொங்கலுக்கு வந்தபோது மாட்டியது. அது ஒரு மணி காட்டியது. பகல் ஒரு மணியா ராத்திரி ஒரு மணியா என்று அது சொல்லவில்லை. ஆனால் பொங்கல் சமயம் அந்த ஊரில் கோடைக்காலம், கோடைக்காலத்தில் அவர்கள் ஊரோடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் பழையபடி இழுத்துக்கொள்வார்கள். பங்குனி முடியும் முன்னாலேயே இழுத்துவிட்டார்கள் என்று கேள்வி. சுவரில் தொங்குகிறதை யாராவது இழுத்தார்களா? ஆறுமுகநயினார் ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி அதில் ஏதோ செய்தார், அது இழுத்ததா, பேட்டரி மாற்றியதா? அதற்கும் நடுவில் கதிரேசனுக்கு அந்த நாட்டின் மேற்குக் கோடியில் சுரங்கத்தில் வேலை மாறி, இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீடு என்று ஆகிவிட்டது. அங்கே இருக்கும்போது அவன் நேரம் வேறு, இரண்டரையாம். ஒரே நாட்டுக்குள் புருஷனுக்கு ஒரு மணி, பெண்டாட்டிக்கு ஒரு மணி. இந்த வாரம் அவன் சுரங்கத்தில்தான் இருக்கிறான், அவள் தனியாகத்தான் இருக்கிறாள். தனியாக இருக்கிற பிள்ளைத்தாய்ச்சிக்குச் சனிக்கிழமைக் காலையில் என்ன வேலை, பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவாள். சனிக்கிழமைச் சந்தையில் மாம்பழம் கூடக் கிடைக்குது அத்தை என்று ஒருமுறை சொன்னாளே. இவள் ஆறு வருஷத்தில் மருமகளைப் பற்றித் தெரிந்து வைத்திருந்த ஐந்தாறு விஷயங்களில் அதுவும் ஒன்று.

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அமாவாசைச் சமையலுக்கு வாழைக்காய் அரிய உட்கார்ந்தாள். நாலு வில்லை போட்டதும் கை நின்றது. இங்கே தெரியாத ஒரு கிரகணத்துக்கு இங்கத்து மணியைப் போடுவானேன்? யார் பார்க்கப் போகிறார்கள் இங்கே? தெரிகிறவர்களுக்குத்தானே மணி. அப்படியானால் தாளில் இருப்பது அவர்கள் மணி, அவர்களுடைய எட்டு பத்து, அதாவது நம்முடைய விடிகாலை. ஆக, முடிந்துபோயிற்று. இவள் அலாரம் அடித்தும் ஐந்து நிமிஷம் புரண்டு படுத்தாளே, அதற்கு முன்பே பிடித்து, விட்டு, எல்லாம் ஆகிவிட்டது. ஒரு நிமிஷம் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். செய்ய ஒன்றுமில்லை என்பதில் ஒரு சுகம் இருக்கத்தானே செய்கிறது. அடுத்த நிமிஷமே, அப்படியானால் ஜெசிந்தா அப்போது எங்கே இருந்தாள் என்று வந்தது. சந்தைக்குப் போகிற வழியிலா? பழக்காரனிடம் நிற்கும்போதா? அவளுக்கென்ன தெரியும், அவளுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள், தாய் அவள் காலேஜில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்தாயிற்று. சரி, இதையெல்லாம் நீ நம்புகிறாயா என்று யாராவது மங்கையர்க்கரசியை நிறுத்தி வைத்துக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? கதிரேசன் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று அவள் மாமியார் கதவை அடைத்து இருட்டில் படுக்க வைத்துச் சொறியாதே என்று காவல் இருந்தாள். காது அரித்தது. சொறிந்தாள். பிள்ளை பிறந்தபோது அவன் இடது காதில் ஒரு மச்சம் இருந்தது. ஆனால் உண்மையிலேயே சொறிந்தாளா, மச்சத்தைப் பார்த்த பிறகு சொறிந்ததாக நினைத்துக்கொண்டாளா? முப்பத்தைந்து வருஷமாக அதுவும் தீராத வழக்கு. தெரியாத கிரகணத்துக்குத் தோஷமில்லை, அது எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆனால் யாருக்குத் தெரியாத? இந்தப் பிள்ளை எந்த ஊர்க் கணக்கு? நாளைக்குப் பிறந்தால் எந்த மணிக்கு ஜாதகம் எழுதுவது? பெயர் இங்கத்துப் பெயர், வயிறு அங்கே இருக்கிறது, வயிற்றுக்கு மேலே இருக்கிற வானமும் அங்கத்து வானம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் பிள்ளையின்போதும் இதே வரிதான். ஆறுமுகநயினார் தாளைக் கிழித்து, இந்தியாவில் தெரியாதாம், நமக்கு இல்லை என்று வாசித்தார். நல்லதாப் போச்சு என்று இவள் மாவாட்டப் போனாள். ஆஸ்திரேலியாவில் தெரியும் என்று அதற்கு முந்தின வார்த்தை இருந்ததை இரண்டு பேரும் தாண்டிப் போனார்கள். போன் வந்தது மறுநாள். பிறகு அந்தப் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு எத்தனையோ பகல் உட்கார்ந்திருக்கிறாள், கூட்டிப் போட்டு, கழித்துப் போட்டு, தேதி மாறுகிறதா என்று பார்த்து. வாழ்க்கையில் அவளுக்குக் குழம்பாமல் வந்த ஒரே கணக்கு அதுதான். எப்படிப் போட்டாலும் அந்தக் கிரகணம் ஜெசிந்தாவுக்கு வலி எடுத்த அன்றைக்குத்தான் வந்து விழுந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஆறுமுகநயினார் வந்தார், ஈர வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக, ஆற்றில் தண்ணீரைவிட ஆள்தான் அதிகம் என்று சொல்லிக்கொண்டே. பசி முகத்தில் தெரிந்தது. காக்கைக்கு வைத்தாயிற்றா என்றார். இவள் அதற்குப் பதில் சொல்லாமல், சும்மா கேட்கிறவள் மாதிரி, "இங்கேருங்க, சிட்னியில எட்டு மணின்னா நமக்குக் கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று கேட்டாள். கூட்டணும்ளா, இதுகூடத் தெரியாதா என்றார் உடனே. வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, இல்லை, கழிக்கணும் என்றார். கூட்டினால் மத்தியானம், கழித்தால் விடிகாலை என்று இரண்டு விடையையும் விரல்விட்டுச் சொல்லி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல் அவளைப் பார்த்தார். முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீஸில் பிரீமியம் போட்ட மனுஷர். எந்த மணி என்று கேட்டதற்குக் கைவசம் இருக்கிற எல்லா மணியையும் எடுத்து வைத்துவிட்டு, எதற்குக் கேட்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ராமேஸ்வரத்துக் கூட்டத்தைப் பார்க்க டிவியைப் போட்டுவிட்டார். கடல், தலைகள், மறுபடியும் கடல். அப்புறம் படம் மாறியது. கறுப்புத் திரையில் சூரியன், கீழ் ஓரத்தில் கடித்த தோசை மாதிரி ஒரு துண்டு இல்லை. அடுத்து ஒரு கடற்கரை, காகிதக் கண்ணாடி போட்ட ஜனங்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்க்கிறார்கள், குழந்தைகள் தோளில் இருக்கின்றன. அடியில் சிட்னி என்று எழுதியிருந்தது. மூலையில் சிவப்பில் நேரலை என்று எழுதியிருந்தது. மங்கையர்க்கரசி கத்தியோடு எழுந்து நின்றாள், கத்தியைப் பார்த்தாள், கீழே வைத்தாள். இப்போது நடக்கிறது. விடிகாலையிலும் இல்லை, மத்தியானத்திலும் இல்லை, இதோ, பருப்பு தீய்கிற இந்த நேரத்தில். தாளில் இருந்தது நம் மணியேதான். எந்த ஊர்க் கிரகணமானாலும் நம் ஊர் மணியிலேயே போட்டு வைத்திருக்கிறான். ஏற்கெனவே மாற்றி வைத்ததை எடுத்து இவள் இன்னொரு தரம் மாற்றியிருக்கிறாள். மூன்று மாதம் காத்திருந்து, கையில் மணியை வைத்துக்கொண்டே முக்கால் மணி நேரத்தைத் தொலைத்துவிட்டாள்.

போனை எடுத்தாள். அவசரத்தில் முதலில் பால்காரனுக்குப் போயிற்று. அதை வெட்டிவிட்டு ஜெசிந்தாவின் படத்தை அழுத்தினாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. சந்தை இரைச்சலில் கேட்கவில்லையோ, பை கனத்தில் எடுக்க முடியவில்லையோ, அங்கே எல்லாரும் மேலே பார்க்கிறார்களே, அவளும் சும்மா ஒரு தடவை என்று பார்த்துவிட்டால். எடுத்தாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. எங்கேம்மா இருக்கே என்றதற்கு வீட்டுலதான் அத்தை என்றாள். சந்தைக்குப் போகலியா என்றதற்குப் போகலை என்றாள். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா இரண்டும் வழக்கம்போல முடிந்தன. மூன்றாவதாக வருவது வைக்கேன். அதை மங்கையர்க்கரசி பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். விழுங்கிவிட்டுப் பேசத் தொடங்கினாள். இன்றைக்கு அமாவாசை என்றாள், வாழைக்காய்ப் புட்டு என்றாள், அதற்குத் தேங்காய் எவ்வளவு போடுவது, மாமாவுக்கு ஏன் கூடப் போடக் கூடாது, டாக்டர் என்ன சொன்னார், அந்த டாக்டரின் மனைவி யார் வீட்டுப் பெண் என்று போனாள். எதிர்வீட்டில் மாடி எடுப்பதைச் சொன்னாள், அவர்கள் மணல் கொட்டிய இடத்தைச் சொன்னாள், விசாவுக்குப் படம் எடுத்தபோது கண்ணை மூடிவிட்டதைச் சொன்னாள். ஆறுமுகநயினார் வாசலில் நின்று, இலை போடலாமா என்று கையால் கேட்டார். கையாலேயே அவரைத் துரத்தினாள். கதிரேசன் பிறந்த கதையைச் சொல்லப்போய், இருட்டு அறை வரை வந்து, காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று பயந்து திரும்பி, அவன் முதல் முதலில் நடந்ததுக்குத் தாவினாள். அந்தப் பக்கம் ம் என்றது, ம் என்றது, ஒரு தடவை சிரித்ததுபோலவும் இருந்தது. பிறகு சொல்ல ஒன்றுமே இல்லை. ஆறு வருஷமாகச் சேர்த்து வைக்காததை ஒரு காலையில் எங்கே போய்த் தேடுவது. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. டிவியில் சூரியன் பாதிக்கு மேல் போயிருந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையாக வந்தது, இப்போது அவள் சரி அத்தை வைக்கட்டுமா என்று கேட்டால் என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை.

"அத்தை," என்றாள் ஜெசிந்தா. "விடறதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. பேச ஒண்ணும் இல்லன்னாலும் பரவால்ல. வச்சிராதீங்க."

மங்கையர்க்கரசிக்கு முதலில் காதில் விழுந்தது மண்டைக்குப் போகவில்லை. எது விடறதுக்கு, யார் சொன்னது, இந்தச் சொல்லைத்தானே இவ்வளவு நேரம் சுற்றி வளைத்து நடந்தோம். ஜெசிந்தா மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொழுது ஏறியதிலிருந்து படுக்கையறையில்தான் இருக்கிறாளாம். ஜன்னலில் திரை போதாது என்று போர்வையைச் செருகியிருக்கிறாளாம். கதிருக்குத் தெரிந்தால் சிரிப்பாங்க, தனக்கே சிரிப்பாகத்தான் வருகிறதாம், ஆனாலும் எழுந்து போய்ப் போர்வையை எடுக்கக் கால் வரவில்லையாம். எப்போ பிடிக்கும் எப்போ விடும் என்று போனில் நிமிஷக் கணக்காகப் போட்டிருந்ததாம், அதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நீங்க கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன், ஆரம்பிச்சும் கூப்பிடலை என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது, கூட்டினேன், கழித்தேன், பால்காரனுக்குப் போட்டேன் என்றா. நேரம் பாக்கத் தெரியலம்மா எனக்கு என்று மட்டும் சொன்னாள் மங்கையர்க்கரசி. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மூச்சு இவ்வளவு கிட்டத்தில் கேட்டு அவள் அறிந்ததில்லை.

"அத்தை, மொத தடவை அப்படி ஆனப்போ நீங்க கதிர்கிட்ட ஒண்ணு கேக்க வந்தீங்கள்லா. அன்னைக்குக் கிரகணம்னு என்னவோ ஆரம்பிச்சீங்க, முழுசாக் கேக்கல. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

மங்கையர்க்கரசி போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"நானே தேதியப் பாத்திருக்கலாம், போன்ல ஒரு நிமிஷ வேலை. பயமா இருந்துச்சு, பாக்கல. அன்னைக்கு நான் வெளியதான் இருந்தேன் அத்தை, நாள் முழுக்க. அன்னைக்கும் கிரகணமா?"

"இல்லட்டி," என்றாள் மங்கையர்க்கரசி. அந்தப் பெண்ணை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. குரல் எங்கிருந்து அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் பாத்துட்டேன். அன்னைக்கு ஒண்ணும் கெடையாது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஒலி வந்தது.

"நம்ம ஊரு நேரத்துக்குப் பாத்தீங்களா, இந்த ஊரு நேரத்துக்குப் பாத்தீங்களா?"

"ரெண்டுக்கும் பாத்துட்டேன்" என்றாள் மங்கையர்க்கரசி.